போன் கவருக்குள் அடங்குகிற அட்டை

சின்ன அட்டையில் பிரிண்ட் போடுகிறவளுக்குப் பெரிய காகிதத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அது பாட்டுக்கு மெஷினுக்குள் போகிறது, அது பாட்டுக்கு வெளியே வருகிறது. என் அனுபவத்தைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் ஒழுங்காகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரோலர், மை என்று எதையாவது மாற்றிச் சொல்லி, விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தால் என்ன செய்வது? வீட்டில் பிரிண்டர் வைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பல வருஷம் வேலை பார்த்தேன். கடையை மூடியபோது அங்கிருந்த ஆபீஸ் பிரிண்டரைத் திருவொற்றியூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இறந்தவர்களுக்கு நினைவு அட்டை போட்டுக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. மேலே ஆள் படம், கீழே பெயர், ஒரு சின்ன ஜெபம். அச்சகத்தில் ஆயிரத்துக்குக் குறைந்தால் மெஷினைத் தொடமாட்டார்கள். ஐம்பது போதும் என்கிறவர்கள் என்னிடம் வருவார்கள். ஒரு தாளில் நாலு போட்டு வெட்டிக் கொடுப்பேன். தொல்லையில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

சைஸ்

ஸ்டெல்லா அக்கா எங்கள் தெருதான். காசிமேட்டில் மீன் விற்கிறார். அவர் வீட்டுக்காரர் சூசை அண்ணன் போட்டில் டிரைவராக இருந்தவர்; நெஞ்சுவலி வந்து போய்விட்டார். முப்பதாம் நாள் பூசைக்கு அட்டை வேண்டும் என்று அக்கா வந்தார். நான் வழக்கமான அட்டையைக் காட்டினேன். வேண்டாம் என்றார். தன் போனைத் திருப்பி, கண்ணாடி மாதிரி இருந்த கவரைத் தட்டிக் காட்டி, இதற்குள் அடங்கவேண்டும் என்றார். பாரிமுனையில் அந்த சைஸில் ரெடிமேட் அட்டை விற்கிறது. மூலை உருண்டு, ஓரத்தில் தங்கக் கோடு போட்டிருக்கும். அதில்தான் வேண்டுமாம். அப்படி உருட்டி வெட்ட என் கைக்கு வராது. பிரிண்டருக்குள் அந்த அட்டையையேதான் விட்டாகவேண்டும்.

சாவு வீட்டு வேலையில் ஒரு தடவை சொதப்பினால் அந்தத் தெருவில் அப்புறம் யாரும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள். இதுவோ எங்கள் தெரு, சூசை அண்ணனுடைய பூசை. கொஞ்சம் பெரிதாகப் போட்டால் முகம் நன்றாகத் தெரியுமே அக்கா என்று கேட்டுப் பார்த்தேன்.

"பெர்சா போட்டா டிவி மேல வெச்சிட்டு மறந்துடுவாங்கோ, பிலோ. நீ சின்னதா போடு. இருந்த வரைக்கும் கடல்லியே கெடந்தாரு, இனிமேலாவது என் கூடவே சுத்தட்டும்."

உள்ளே போனவர்

ஆபீஸ் பிரிண்டரின் பின்பக்கத் திறப்பில் முதல் அட்டையை வைத்தேன். போனது, வரவில்லை. மெஷின் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. இன்னொன்று வைத்தேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. ஒருவேளை தள்ளிக்கொண்டு வருமோ என்று மூன்றாவதையும் வைத்தேன். நீங்களும் வைத்திருப்பீர்கள், மறைக்காதீர்கள். அப்புறம் ஒரு கடகட சத்தம், சிவப்பு விளக்கு.

பெரம்பூரிலிருந்து மெக்கானிக் சேகர் வந்தான். உள்ளே இழுக்கிற ரோலருக்கும் வெளியே தள்ளுகிற ரோலருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதாம். அட்டை அதைவிடக் குட்டை. முதல் ரோலர் கையை விட்டுவிட்டது, அடுத்த ரோலருக்கு எட்டவில்லை. டார்ச் அடித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். பாதி முகம், முக்கால் முகம், மீசை மட்டும்.

"இன்னா யக்கா, இந்தாளு உள்ளயே குடித்தனம் பண்ணிகினு கீறாரு."

கடை ஏறி இறங்கியது

வேறு பிரிண்டர் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். ஓர் அட்டையைப் பர்ஸில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, கடை கடையாக ஏறினேன். ஏசி கடைகளில் என்னைப் பார்த்ததும் யாரும் எழுந்து வருவதில்லை. நானே போய் அட்டையை நீட்டி, இது உள்ளே போகுமா என்று கேட்பேன். எல்லாம் போகும் என்பார்கள். போட்டுக் காட்டுங்கள் என்றால் முழுத்தாளைப் போட்டுக் காட்டுவார்கள். ஒரு தம்பி அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, இதைவிடச் சின்னதாக விசிட்டிங் கார்டுகூடப் பார்த்ததில்லை என்றான். இன்னொரு கடையில் டை கட்டிய ஒருவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு இரக்கத்தோடு சொன்னார்:

"இதுக்குப் போய் ஏன் மேடம் கஷ்டப்படறீங்க? போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா எல்லாரும் பார்த்துட்டுப் போறாங்க."

பிஸ்கட் டப்பா

கடைசியில் ஒரு கடையில், போட்டோ போடுகிற சின்ன பிரிண்டர் ஒன்று என் அட்டையை வாங்கி முழுதாகத் திருப்பித் தந்தது. கண்ணில் தண்ணீர் வராத குறை. வாங்கி வந்தேன்.

வீட்டில் வேறு கதை. கடல் காற்றில் அட்டை நெளிகிறது. ஜன்னலைத் திறந்தால் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் கரித்தூள் வெள்ளை அட்டையில் உட்கார்ந்து, சூசை அண்ணனுக்குக் கன்னத்தில் மச்சம் வைக்கிறது. ஜன்னலை மூடினால் புழுக்கம், என் வியர்வை சொட்டுகிறது. நல்லதாக ஐம்பது எடுப்பதற்குள் கெட்டது எவ்வளவோ. கெட்டதைக் குப்பையில் போட முடியுமா? இறந்தவர் முகம், கீழே ஜெபம். கிழிக்கவும் கை வரவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். டப்பா நிறைந்து மூடி நிற்கவில்லை. துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார்.

"கல்யாணமாயி இத்தினி வருசத்துல என் போட்டோ ஒண்ணாவது இந்த வூட்ல மாட்டிக்கிறியா?"

தீர்த்தம்

பூசை நன்றாகத்தான் நடந்தது. அட்டைகளைத் தட்டில் அடுக்கிப் பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். தங்கக் கோடு பளபளவென்று இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பூசை முடிந்ததும் ஃபாதர் வழக்கப்படி மந்திரித்து, தட்டின்மேல் நன்றாகவே தீர்த்தம் தெளித்தார்.

இத்தனை வருஷம் கோவிலுக்குப் போகிறவள், இதை யோசிக்கவே இல்லை. பழைய ஆபீஸ் பிரிண்டரின் மை தண்ணீருக்கு அசையாது. போட்டோ பிரிண்டரின் மை கரையும். தட்டை எடுத்து வந்தபோது மேலே இருந்த அட்டைகளில் சூசை அண்ணனின் நெற்றி ஊதாவாகி, கண்வழியாக வழிந்து, ஜெபத்தின்மேல் இறங்கியிருந்தது. ஸ்டெல்லா அக்காவின் நாத்தனார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சாவு வூட்டு கார்டுலகூட கலீஜ் பண்ணி வெச்சிக்கிறியே" என்றார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா அக்கா ஓர் அட்டையை எடுத்தார். புடவைத் தலைப்பால் ஒற்றினார். மிச்சமிருந்த முகமும் போய்விட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அழுவாத பிலோ. உசுரோட இருந்தப்பவும் கோயிலுக்கு வந்தா இந்தாளு இப்டித்தான் வேர்த்து ஊத்திகினு நிப்பாரு."

டேப்

அக்கா சிரித்துவிட்டார் என்பதற்காக நான் விட்டுவிட முடியுமா? நாளெல்லாம் மீன் கழுவுகிற கை அவருடையது. போனை எடுக்கிற போதெல்லாம் ஈரம். அந்த அட்டை அவரிடம் ஒரு வாரம் தாங்காது. சின்ன அட்டையை வாங்குகிற மெஷினின் மை கரைகிறது. கரையாத மை இருக்கிற மெஷின் சின்ன அட்டையை விழுங்குகிறது. மறுபடி சேகரைக் கூப்பிட்டேன். அவன் முழுத்தாள் ஒன்றை எடுத்தான். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில் ஒரு துண்டு கிழித்து, பிசின் குறையட்டும் என்று தன் சட்டையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தான். அதை வைத்து அட்டையைத் தாளின் நடுவில் ஒட்டி, பழைய பிரிண்டரின் பின்பக்கத்தில் விட்டான். போனது. வந்தது. அட்டை நோகாமல் உரிந்தது.

"மிசினை ஏமாத்தணும் யக்கா. பெரிய பேப்பர் போவுதுன்னு அது நெனச்சிகினு கீது."

டப்பா போன இடம்

ஒவ்வொன்றாக ஒட்டி, ஒவ்வொன்றாக உரித்து, ஐம்பதும் புதிதாக எடுத்தேன். ஸ்டெல்லா அக்கா வந்தபோது அவர் கண்முன்னால் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, அட்டைகளை அடுக்கிய தட்டின்மேல் கையால் தெளித்தேன். முகம் அப்படியே நின்றது. அக்கா தன் ஈர விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்போதும் நின்றது. உடனே ஒன்றைப் போன் கவருக்குள் செருகிக்கொண்டார். போகும்போது மாதா படத்துக்குக் கீழே இருந்த டப்பாவைப் பார்த்து, என்ன அது என்றார். சொன்னேன். மூடியைத் திறந்து, மீசை மட்டும் விழுந்த அட்டை, மச்சம் வைத்த அட்டை எல்லாவற்றையும் பார்த்தார். டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"கோணலா இருந்தாலும் ஆளு என்னுதுதான, எட்த்துகினு போறேன்."

சொம்பு

அதிலிருந்து யார் அட்டை வாங்க வந்தாலும் தண்ணீர் தெளித்துக் காட்டாமல் நான் கொடுப்பதில்லை. போட்டோ பிரிண்டர் துணி போர்த்திக்கொண்டு அலமாரியின் மேல் இருக்கிறது. போன வாரம் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் தன் அப்பா அட்டையை வாங்க வந்தார். நான் சொம்போடு வந்து தெளிப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னாக்கா, வூட்லியே மந்திரிச்சிக் குட்த்துட்ட? அப்ப ஃபாதருக்கு இன்னா வேல?"

சின்ன அட்டைக்கு ஏற்ற பிரிண்டரைத் தேடி ஊரெல்லாம் அலைந்து கடைசியில் நான் கண்டுபிடித்தது, ஒரு பெரிய காகிதமும் ஒரு துண்டு டேப்பும் ஒரு சொம்புத் தண்ணீரும்தான்.