தங்கூசித் தந்தி

நண்பி அளவுக்கு மீறிப் புகழ்ந்து தந்த புது இசைத்தட்டு என்பதால், குற்றம் பிடிக்கவே உட்கார்ந்தேன். கிற்றாரை முன்னிறுத்திய நால்வர் ஜாஸ் குழு. மின்கருவி ஒன்றும் இல்லை. இவ்வளவு சுத்தமாக வாசிக்கிறார்களே, எங்கோ ஏமாற்று இருக்கவேண்டும்! இரண்டாம் பாட்டில் விரல் வழுக்கி, நைலோன் தந்தி கிரீச்சிட்டது. உடனே நான் எங்கள் கடற்கரை ஊரான குருநகரில் இருந்தேன்.

எனக்கு எட்டு வயது. யேசு பிறந்த நத்தார்த் திருநாளுக்கு முந்திய வாரம் சித்தப்பாவின் கிற்றார்த் தந்தி அறுந்தது. அப்பா மீன்பிடிக்கும் நைலோன் நூலான தங்கூசியில் மூன்று முழம் வெட்டிக் கொடுத்தவள் நான்தான்.

“ஆரடா என்ரை தங்கூசியிலை கை வைச்சது?”

“எலியா இருக்கும், அண்ணை,” என்றார் சித்தப்பா.

“கத்தியாலை வெட்டிற எலியோ?”

அப்பா கிற்றாரைப் பிடுங்கினார். உடைக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ தந்தியைச் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“இது என்ரைதான். பாரை மீன் இழுக்கேக்கை இப்பிடித்தான் கத்தும். பாட்டை முடிச்சிட்டுக் கழற்றித் தா.”

சித்தப்பா முடிக்கவேயில்லை. ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தார். அப்பா சந்தேகத்தோடு பார்த்தார், ஆனால் எழும்பவில்லை.

இசைத்தட்டை மூன்றாம் முறையும் போட்டேன். அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கிற்றார்க்காரனும் முடிக்க மனமில்லாமல் தாவுகிறான். அவனுக்கு எதிரேயும் யாரோ தந்தியைத் திருப்பிக் கேட்டுக் காத்திருக்கிறார் என்றே சந்தேகப்படுகிறேன்.