என் பையிலிருந்த மாத்திரை

எனக்கு மாதாமாதம் வயிற்றுவலி வரும். அதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை எப்போதும் என் கைப்பையில் இருக்கும். வலியையும் வயிற்றுப் பிடிப்பையும் சேர்த்து அடக்குகிற மருந்து அது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த என் அப்பா, “வவுறு முறுக்கிகினு கீதும்மா” என்றார். சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். கண்ணில் அழுத்தம் என்று அவர் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். வயிற்று மாத்திரைக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் நான் திரும்பியபோது தலைவலி என்று படுத்திருந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். வயிறு இன்னும் சரியாகவில்லை என்று நினைத்து இன்னொரு மாத்திரையும் கொடுத்தேன். மறுநாள் காலை அவருடைய வலது கண் செக்கச்செவேல் என்று இருந்தது.

“இன்னாமா, எல்லாம் பொகையா தெரியுது?” என்றார்.

கண் டாக்டர் என் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். “கண் அழுத்தம் இருக்கிறவங்களுக்கு இது ஆகாதும்மா, அழுத்தம் ஏறிடும். யாரையாவது கேட்டுக் குடுத்தீங்களா?”

அட்டையைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. இடது கண் ஏற்கெனவே மங்கல்.

“நீ வேணும்னேவா குடுத்தே? வுடும்மா” என்று அப்பா அடிக்கடி சொல்வார். நான் நிற்கும் இடம் தெரியாமல், சுவரைப் பார்த்துச் சொல்வார்.