முதல் கியரிலேயே போன பயணம்

எங்கள் லாரி இங்கிலாந்தில் செய்யப்பட்டது. மூக்கு நீண்ட, பெட்ரோலில் ஓடும் பழைய வண்டி. விழுப்புரம் பக்கம் ஓர் அரிசி ஆலையின் பின்புறம் வேலிகாத்தான் முட்புதருக்குள் கிடந்ததை என் கணவர் வாங்கி வந்தார். அது எந்த ஆண்டு வண்டி என்பதில் எங்களுக்குள் தீராத வழக்கு. பதிவுப் புத்தகத்தில் இருப்பதைத்தான் அவர் சொல்வார். அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தால் கப்பலேறியது அதற்கும் முந்தைய ஆண்டு என்பது என் கட்சி. பழைய லாரி, பஸ்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தேதி பார்ப்பது என் வேலை. ஆயில் கையோடு வண்டிக்கு அடியில் படுத்திருப்பது அவர் வேலை.

ஓட்டவும் அவரே கற்றுக்கொடுத்தார். இந்தக் காலத்து வண்டிபோல் அதில் கியர் சுலபமாக விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். நேரம் தவறினால் பல்லோடு பல் உரசி ஊரையே கூட்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கடலூர் சாலையில் தவளக்குப்பம் வரை போய் டீ குடித்துவிட்டு வருவோம். போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது நான்.

டீக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார்: "ஏம்மா, இத ஓட்டறதுக்குன்னுதான் ஒன்ன கட்டிக்கினாரா?"

"இல்லய்யா, தள்றதுக்கு," என்றார் என் கணவர்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் நோயைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு மத்தியானம் மட்டும் சொன்னார்: "வேற வண்டி வேணாம். நம்ம வண்டியிலயே எடுத்துனு போ. நீதான் ஓட்டணும்."

"எங்க?" என்றேன், புரியாததுபோல்.

"தவளக்குப்பத்துக்கு. டீ குடிக்க." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

சரி என்றேன்.

ஐப்பசியில் போய்விட்டார். அன்று மழை விட்டிருந்தது. லாரியின் பின்பலகையை இறக்கி, பூ கட்டி, அவரை ஏற்றினார்கள். ஓட்டுவதற்கு அவருடைய சித்தப்பா மகன் ஏறினான். லோடு வேன் ஓட்டுகிறவன். இன்ஜினைக் கிளப்ப முன்னால் கம்பியை விட்டு இரண்டு பேர் மாறி மாறிச் சுற்றினார்கள். வண்டி கிளம்பவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அவன் இறங்கி வழிவிட்டான். ஏறி உட்கார்ந்து, சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்து, "இப்ப சுத்து," என்றேன். பிடித்துக்கொண்டது. நான் இறங்கவில்லை.

"எறங்குங்க அண்ணி."

"நானே ஓட்டறேன். அவரு என்கிட்ட கேட்டாரு."

மேளம்கூட நின்றுவிட்டது. அவருடைய பெரியப்பா கிட்டே வந்தார். "சுடுகாட்டுக்குப் பொம்பள வர்ற வழக்கம் நம்ப வூட்ல இல்லம்மா. ஒனக்குத் தெரியாததா?"

"அவரு ஆசைப்பட்டது மாமா."

"அவன் ஆயிரம் ஆசைப்படுவான். போனவன் போயிட்டான், இருக்கறவங்கள ஊரு பேசும்."

சித்தப்பா மகன்தான் நடுவில் வந்தான். "தெரு முனை வரைக்கும் ஓட்டட்டும் பெரியப்பா. அப்புறம் நான் புடிச்சிக்கிறேன்."

மேளத்துக்குப் பின்னால், நடை வேகத்தில், தெரு முனை வரை அவரைக் கொண்டுபோனேன். அங்கே மற்றப் பெண்கள் நின்றார்கள். நான் நிறுத்தாமல் திருப்பியிருக்கலாம். அந்தத் திருப்பம் என் கைக்குப் பழக்கமானதுதான். ஆனால் சித்தப்பா மகன் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்தபடி அழுதுகொண்டிருந்தான். "எனக்காவ எறங்குங்க அண்ணி. சண்ட போட்டு அண்ணன அனுப்ப வேணாம்."

இறங்கினேன். "ரெண்டாவதுக்கு மாத்தும்போது ரெண்டு தடவ மிதிக்கணும். அவசரப்படாத," என்றேன்.

"தெரியும் அண்ணி."

தெரியவில்லை. லாரி திரும்பி மறைந்ததும் கியர் பற்கள் நறநறவென்று உரசும் சத்தம் வந்தது. சற்று விட்டு மறுபடியும். நான் அப்படித் தவறவிட்டால் அவர் திட்டமாட்டார். கியர் குச்சியின் மேல் இருக்கும் என் கையின் மீது தன் கையை வைத்து, சேர்த்துத் தள்ளுவார். என் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். "வாம்மா, தலை முழுவணும்," என்று யாரோ தோளைத் தொட்டார்கள். சத்தம் தேயும் வரை நான் நகரவில்லை.

பொழுது சாயும்போது அவன் லாரியைக் கொண்டுவந்து விட்டான். சாவியைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

"ரெண்டாவது விழவே இல்ல அண்ணி. ஃபர்ஸ்ட்லயே போயிட்டேன். கொதிச்சிப் போச்சி, வழியில நிறுத்தித் தண்ணி ஊத்துனேன்."

"முழுத் தூரமுமா?"

"முழுத் தூரமும்."

அவன் போன பிறகு பானட்டின் மேல் கை வைத்தேன். இன்னும் சுட்டது. ஆறும் வரை கையை எடுக்கவில்லை.