கடைசி வண்டி சீக்கிரம் போகிற ஊர்

ஜெர்மனியில் ஒரு ராத்திரி தங்குவதற்கு ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மகள் மூன்று பெயர்களை அனுப்பியிருந்தாள். மூன்றும் பழைய ஊர்கள், பல நூறு வருஷத்து வீடுகள் அப்படியே நிற்கின்றன, உங்களுக்குப் பிடிக்கும் என்று கீழே எழுதியிருந்தாள். பழைய வீட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எந்தக் காலத்தில் ஆசை இருந்தது? அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி நாங்கள் கட்டிய வீட்டில் சமையலறைச் சுவர் ஓதம் ஏறி உதிர்வதைத்தான் தினமும் பார்க்கிறேனே. நான் பார்க்க வேண்டியது அவளை. அதை எழுதத் தெரியாமல், "சூப்பரா இருக்கும்மா" என்று பதில் போட்டேன்.

பாரிசில் இருக்கும் என் தங்கையின் மகனுக்குக் கல்யாணம். டிக்கெட்டை அவர்களே எடுத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் போகிறோம், அப்படியே ரயில் ஏறி ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் திட்டம் போட்டிருந்தோம். அதை மகளிடம் போனில் சொன்னேன்.

"அம்மா, என் வீடு ரொம்பச் சின்னது. கூட இன்னொரு பொண்ணு வேற இருக்கா. நடுவுல ஏதாவது ஊர்ல ஒரு நைட் தங்குங்க. நான் அங்க வந்து பாக்கறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பேங்க் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பேசுகிற மாதிரி மரியாதையாக இருந்தது.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரையாவது நடுவில் விட்டுப் பேசி, கை காலைப் பிடித்துச் சமாதானம் ஆகியிருக்கலாம். எங்களுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. படிக்கப் போனாள், வேலை கிடைத்தது, தினமும் வந்த போன் ஞாயிற்றுக்கிழமை போன் ஆயிற்று, பிறகு அந்த ஞாயிறும் விட்டு விட்டு வந்தது. கல்யாணப் பேச்சை எடுப்பதால்தான் விலகுகிறாள் என்று நினைத்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். அதற்கப்புறம் பேசுவதற்குச் சாப்பாடும் குளிரும்தான் மிஞ்சின. சந்தோஷமாக இருக்கிறாளா, யாருடனாவது இருக்கிறாளா, எங்களை ஏன் இப்படித் தள்ளி வைக்கிறாள், எதுவும் தெரியவில்லை. யாரிடம் சொல்ல?

அதனால்தான் அந்த ஒரு ராத்திரி எனக்கு வேண்டியிருந்தது. சின்ன வயசிலிருந்தே அவள் பகலில் வாய் திறக்க மாட்டாள். என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அப்போது குவார்ட்டர்சில் இருந்தோம். விளக்கை அணைத்து மூன்று பேரும் வரிசையாகப் பாயில் படுத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும். டீச்சர் திட்டியது, கூடப் படிக்கிற பெண் பேசாமல் போனது, கணக்கில் மார்க் குறைந்தது எல்லாம் இருட்டில்தான் வெளியே வரும். முகம் தெரியக்கூடாது அவளுக்கு. ஹோட்டலில் மூன்று கட்டில் போட்ட அறையாக எடுப்பது, விளக்கை அணைப்பது, காத்திருப்பது. என் திட்டம் அவ்வளவுதான்.

மூன்று ஊர்ப் பெயரும் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஆற்றின் குறுக்கே கல் பாலம் இருந்தது பாலத்து ஊர். குன்றின்மேல் இடிந்த கோட்டை இருந்தது கோட்டை ஊர். ஊரைச் சுற்றிப் பெரிய சுவர் ஓடியது மதில் ஊர். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னாங்க, ஊட்ட வெலைக்கு வாங்கப் போற மாதிரி பாத்துகினு கீறீங்க?"

"ரோடு பூரா கல்லு பதிச்சிருக்கான்மே. உன் முட்டி தாங்குமான்னு பாக்குறேன்."

"என் முட்டிய நான் பாத்துக்கறேன். நீங்க ஊரச் சொல்லுங்க."

பாலத்து ஊர்தான் அழகு, அங்கேதான் போகலாம் என்றார். நானும் சரி என்றேன். விசாவுக்கு ஒவ்வொரு ராத்திரிக்கும் அறை பதிவு செய்த தாள் வேண்டும் என்பதால், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் இருக்கும் ஒரு டிராவல்சுக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மாதிரி. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி விளக்கினார்.

"பாலம் கீற ஊரு பெஸ்ட்டு அண்ணாத்தே. நைட்டு பூரா வண்டி கீது. கோட்டையும் பரவால்ல. ஆனா இந்தச் செவுரு கட்டுன ஊரு மட்டும் வாணாம். மெயின் லைன் கெடையாது. நம்ம ஆவடிலேர்ந்து பட்டாபிராம் சைடிங் பிரிஞ்சு போவுது பாரு, அந்த மாதிரி தனி லைனு. சாயந்தரத்தோட கடைசி வண்டி போயிடும். மாட்டிகினீங்கன்னா காலையிலதான்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையே போடுப்பா" என்றார்.

ஏன் என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை. குவார்ட்டர்சில் இருந்தவர்களுக்கு விளங்கும். அங்கே விருந்தாளியை ராத்திரி தங்க வைப்பது ஒரு வேலை. இருங்கள் என்று வாயால் சொன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது என்பார்கள். அதனால் கடைசி பஸ் போகும்வரை பிடித்து வைப்போம். காப்பியை மெதுவாகப் போடுவோம், பையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுவோம். ஐயப்பன்தாங்கலில் இருந்து என் அண்ணன் வந்தால், பூந்தமல்லி பஸ்ஸுக்கு அவர் கிளம்புகிற நேரத்தில் செருப்பைக் காணாது. எடுத்தது என் மகள்தான். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவரோடு சேர்ந்து தேடுவாள். பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் நான், "இருட்டிப் போச்சுண்ணே, இருந்துட்டுப் போ" என்பேன். அவரும் திட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மகள் அவர் பக்கத்தில் பாயை விரிப்பாள்.

அதைத்தான் மறுபடியும் செய்தோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பேருக்கும் சிரிப்பு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு மதில் ஊர் என்று சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, "சரிம்மா. நல்ல ஊரு" என்றாள். மூன்று கட்டில் அறை என்றேன். அதற்கும் சரி என்றாள்.

விசா வந்த வாரம் அவளே கூப்பிட்டாள். "அம்மா, அங்கிருந்து கடைசி ட்ரெயின் சீக்கிரமே போயிடுது. அதனால ரிட்டர்ன் டிக்கெட்டும் சேத்தே போட்டுட்டேன். மத்தியானம் வந்துட்டு சாயந்தரம் கிளம்பிடுவேன். மறுநாள் ஆபீஸ் இருக்கு."

நான் போனை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தடவை "சரிம்மா" என்றார். வைத்த பிறகு, "பாலத்து ஊரா இருந்தா நைட்டு சாப்ட்டுட்டாவது போயிருப்பா" என்றார். அது எனக்குத் தோன்றாமலா இருக்கும்? கொஞ்சம் இருக்க இருந்தவளையும் நாங்களே கிளப்பிவிட்டோம். டிராவல்ஸ்காரரைக் கேட்டதற்கு, இந்த ஊர்ப் பதிவைக் காட்டித்தான் விசா வாங்கியிருக்கிறோம், இப்போது மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். அன்றைக்கு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தோம். வீட்டில் உட்கார முடியவில்லை. கொசு கடிக்க ஆரம்பித்ததும் எழுந்து வந்தோம்.

கல்யாணம் முடிந்து மதில் ஊருக்குப் போனோம். அது கோடைக்காலம். ஜன்னலெல்லாம் பூத்தொட்டி வைத்த ஊர், அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அவள் மத்தியானம் வந்தாள். இளைத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அறைக்குள் வரும்போது பழக்கத்தில் ஷூவைக் கழற்றி வாசலோரம் விட்டதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நப்பாசை. தங்கை வீட்டில் கிளறிக் கொண்டுவந்த புளிசாதத்தை ரசித்துச் சாப்பிட்டாள். மதில்மேல் நடக்கக் கூட்டிப்போனாள். யார் கட்டினார்கள், எப்போது எரிந்தது, எப்படித் திரும்பக் கட்டினார்கள் என்று எல்லாம் சொன்னாள். அவளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டால் பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

திரும்பி வந்ததும் முகம் கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. நான் ஷூ இரண்டையும் கையில் எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று யோசிக்கக்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் வைப்பதா, அலமாரியிலா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மெதுவாக, "வெச்சிடும்மே" என்றார். "இத வுட்டா அவளுக்கு வேற வண்டி கெடையாது."

எதற்காக இந்த ஊரைப் பிடித்தோமோ அதையே சொன்னார். வைத்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவள் துண்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டினாள்.

"மாமா செருப்ப டிரம்முக்குப் பின்னாடி வைப்பேன்ல" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. "நீங்க ஊரு பேரச் சொன்னப்பவே தெரிஞ்சுடுச்சும்மா."

"தெரிஞ்சுமா?" என்று கேட்டேன்.

அவள் இரண்டாவது ஷூவை எடுத்தாள். மூன்றாவது கட்டிலில் துண்டும் போர்வையும் மடித்தது மடித்தபடி இருந்தன.

ஸ்டேஷன் பக்கம்தான். இரண்டு பெட்டி வண்டி முன்கூட்டியே வந்து நின்றது. அவர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கை சும்மா என் கைக்குள் இருந்தது. வண்டிக் கதவு திறந்ததும், குவார்ட்டர்சில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வார்த்தை தொண்டைவரை வந்தது. இருட்டிப் போச்சு, இருந்துட்டுப் போ. மதில்மேலும் தண்டவாளத்திலும் பட்டப்பகல் மாதிரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கோடையில் அந்த ஊரில் தூங்கப் போகிற நேரம்வரை இருட்டாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் அவரிடமிருந்து பையை வாங்கித் துழாவிக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.