ஏழாவது காம்பராவுக்கு எந்தப் பக்கமிருந்து போவது

போன மாதம் போயா பௌர்ணமி விடுமுறையோடு ஒரு நாள் லீவு சேர்த்துக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் போய் வந்தேன். அருவி பார்க்க அல்ல. நான் பதினெட்டு வயது வரை இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தை இடிக்கப் போவதாக அங்கே எங்கள் பக்கத்து வீட்டு சரோஜாக்கா போனில் சொன்னார். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அவர் குரல் என் காதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. அந்த வாசலில் ஒருமுறை நின்றால் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை.

கொழும்பில் காலை ஐந்தரைக்கு பஸ். ஹட்டனில் இறங்கும்போது பத்தே முக்கால். ரொட்டியும் பிளேன்டீயும் இருநூற்றெண்பது ரூபாய். (தேயிலை நாட்டில் நல்ல டீ கிடைக்கும் என்று நம்பி வருபவர்களுக்கு என் அனுதாபம்.) தலவாக்கலைக்கு இன்னொரு பஸ், முக்கால் மணி நேரம். அங்கிருந்து தோட்டம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்ணூறு.

“கீழ ரோட்டுல போனா படி ஏறணும் மிஸ்,” என்றார் டிரைவர். “மேல புதுசா கொங்கிறீட் ரோடு போட்டிருக்காங்க. லயத்து வாசல்லயே எறக்கி விட்டுர்றேன்.” பஸ்ஸில் முதுகு நொந்திருந்தது. சரி என்றேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள், ஒரே நீளக் கட்டடம். வீடு என்றால் ஒரு அறை. காம்பரா என்போம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வாசல். எங்களுடையது ஏழாவது. எண்ணிக்கொண்டே நடந்தேன். ஆறாவதற்குக் கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. யார் வீடோ பாவம் என்று கடந்து, ஏழாவதற்குள் நுழைந்தேன்.

உள்ளே எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதே பத்தடி, அதே புகை படிந்த சுவர். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. அடுப்படியிலிருந்து சரோஜாக்கா எட்டிப் பார்த்தார்.

“எங்க வூட்டுல நின்னுக்கிட்டு என்னாத்தடி தேடுற?”

“ஏழாவதுதானேக்கா?”

“மேலேருந்து எண்ணுனா இது ஏழு. நீ என்னைக்குடி மேலேருந்து வந்த?”

உண்மைதான். நாங்கள் எப்போதும் கீழே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் பிடித்து, குடத்தோடு படியேறி வருவோம். நாளுக்கு ஆறு நடை. கீழிருந்து ஏழாவது, மேலிருந்து ஆறாவது: நான் பாவம் பார்த்துக் கடந்ததுதான் எங்கள் வீடு. எங்களுக்குப் பிறகு இருந்தவர்கள் புது வீட்டுக்குப் போகும்போது தகரத்தையும் கதவையும் நிலையோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பீலியில் முகம் கழுவி வருகிறேன் என்றேன்.

“அப்புடியே இதுல தண்ணி புடிச்சிட்டு வா,” என்று அக்கா குடத்தைக் கையில் திணித்தார்.

நாற்பத்தொரு படி. பதினேழாவது படி அகலம், அங்கேதான் குடத்தை இடுப்பு மாற்றுவோம். கால் தானாக நின்றது. மேலே வந்ததும் கை சுவரைத் தடவிக்கொண்டே போனது. நான் எதையும் எண்ணவில்லை. அக்காவின் வாசலையும் தாண்டிப் போய்த் திரும்பினேன். என் தலை தானாகக் குனிந்தது.

அந்த நிலை தாழ்வு. வளர்ந்த பிறகு நான் அதில் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. ஒவ்வொரு நடைக்கும் அம்மா உள்ளேயிருந்து “தல, தல!” என்பார். கேட்டது. அந்தச் சலிப்போடு அப்படியே கேட்டது. குடத்தை இறக்காமலே அழுதேன்.

“நெலையே இல்லாத வாசல்ல எதுக்குடி குனியிற?” என்றார் அக்கா பின்னாலிருந்து.

போகிறவர்களுக்கு: பகல் இரண்டுக்கு மேல் மழை, குடை அவசியம். படி வழுக்கும், நல்ல செருப்பு போடுங்கள். ஆட்டோவைக் கீழ் ரோட்டிலேயே நிறுத்துங்கள். வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், தினமும் வந்த வழியாகவே வாருங்கள், முடிந்தால் தினமும் தூக்கியதைத் தூக்கிக்கொண்டு.

கொழும்பு வீட்டுக்குப் பதினோரு வருடமாக லிஃப்டில் போய் வருகிறேன். அம்மா கடைசியில் மூன்று வருடம் என்னோடு அங்கேதான் இருந்தார். அந்த வாசல் நல்ல உயரம். ஒருநாள்கூட அவர் என்னைப் பார்த்து “தல” என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.