நாற்காலியை ஆட்டுகிறவன்

சோபாவின் ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்த்த பிறகுதான் என் தம்பி மோட்டாரைக் கையில் எடுப்பான். அப்புறம் ரசமட்டத்தை வைப்பான். கை சொன்னதைத்தான் அநேகமாக அதுவும் சொல்லும்.

வீட்டிலேயே சினிமா பார்க்க ஓர் அறை ஒதுக்கிக்கொள்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அந்த அறையின் இருக்கைகளைப் படத்தோடு சேர்த்து ஆட்டிவைப்பது அவன் தொழில். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு மோட்டார். எந்த நொடியில் எந்தக் கால் எவ்வளவு உயர வேண்டும் என்று ஒரு சிறிய பெட்டி அவற்றுக்குச் சொல்லும். திரையில் விமானம் சாய்ந்தால் இருக்கையும் சாயும். குதிரை ஓடினால் குலுங்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இது விளங்கவே சில மாதங்கள் பிடித்தன. அவன் பொருத்தும் இருக்கைகளுக்கு உறை தைப்பது என் வேலை. மோட்டார் தூக்கும்போது தையல் பிரியாமல் இருக்க, மூலைகளில் துணியைக் கொஞ்சம் தளர்வாக விடுவேன்.

“ஆட்டறதுக்கு எந்த முட்டாளும் ஆட்டுவான்க்கா. சீட்டு ஆடுதுன்னு தெரிஞ்சாலே வேலை கெட்டுச்சுன்னு அர்த்தம். படமே நம்மள சுமந்துட்டுப் போற மாதிரி இருக்கணும்” என்பான். முன்பெல்லாம் அதைச் சோதிக்க அவனே கண்ணை மூடி உட்காருவான். பின்பக்கக் கால் ஒன்று மயிரிழை பிந்தினாலும் அவன் முதுகு கண்டுபிடித்துவிடும். சின்ன வயதில் ராட்டினம் நின்ற பிறகும் இறங்கமாட்டேன் என்று அழுதவன் அல்லவா! அவனைப் பிய்த்துத் தூக்கி வருவது என் பொறுப்பாக இருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, தலைசுற்றல் போகவில்லை. உடம்பை நிலையாக வைத்திருக்கும் பாகம் காதுக்குள் பழுதாகிவிட்டது, பழகிக்கொள்ளலாம், பழையபடி ஆகாது என்றார் டாக்டர். “ஊரார் சீட்டுக்கெல்லாம் மட்டம் பாக்குறேன், எனக்குள்ள இருந்த மட்டம் உடைஞ்சிடுச்சு பாரு” என்று சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. நின்ற இருக்கை ஆடுவதாகவும், ஆடும் இருக்கை நின்றுவிட்டதாகவும் இப்போது அவனுக்குத் தோன்றுகிறது.

அதிலிருந்து சோதனைக்கு நான் உட்காருகிறேன். “ஜிமிக்கி போட்டுட்டுத்தானே வந்திருக்க?” என்று கேட்டுவிட்டு, எதிரே சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் காதுகளில் அது ஆடுவதையே பார்ப்பான். “வலது பக்கம் பிந்துதுக்கா” என்று குனிந்து திருகுவான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாள் திருகிக்கொண்டே சொன்னான்: “ருசி பாக்காம சமைக்கிற மாதிரி இருக்குக்கா.” வெளியாட்களுக்கு விஷயம் தெரியாது. தள்ளாடுகிறவனை நம்பி யார் இருக்கையைக் கொடுப்பார்கள்?

சென்ற வாரம் ஒரு மருந்துக்கடை முதலாளியின் வீட்டில் வேலை முடிந்தது. “சினிமா பாக்கவா இவ்வளவு அலங்காரம்?” என்று முதலாளியின் மனைவி என் ஜிமிக்கியைக் கேலி செய்தார்.

“கதாநாயகன் தப்பித்தவறி இந்தப் பக்கம் திரும்பிட்டா என்ன பண்றதுங்க?” என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் நான் இருக்கைப் பக்கம் போனேன். முதலாளி கையை நீட்டித் தடுத்தார். “நீங்க இருங்கம்மா. தம்பி உட்காரட்டும். செஞ்சவரே உட்காந்து காட்டினாத்தான் எனக்கு நம்பிக்கை. சரியா இருந்தா எங்க அண்ணன் வீட்டு வேலையும் அவருக்குத்தான்.”

தம்பி என்னை ஒரு முறை பார்த்தான். “அதுக்கென்னங்க” என்று உட்கார்ந்தான்.

நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். விமானம் மேகத்துக்குள் சாய்ந்தது, இருக்கையும் சாய்ந்தது. அவன் கண்ணை மூடவில்லை. திரையையும் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்தான். அந்த அறையில் அசையாத ஒன்றைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் ஆடிக் காட்டிய ஜிமிக்கி இப்போது ஆடக் கூடாது. பின்தலையைச் சுவரில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது; நெற்றி மட்டும் வேர்த்துக் கொட்டியது.

“பாரு, எப்படி ரசிச்சு உட்காந்திருக்காரு” என்று முதலாளி தன் மனைவியிடம் சொன்னார்.

விமானம் இறங்கியது. மோட்டார்கள் ஓய்ந்தன. “எப்படிங்க இருக்கு?” என்றார் முதலாளி.

“அருமையா இருக்குங்க. தைரியமா உட்காரலாம்.”

சொன்னானே தவிர எழுந்திருக்கவில்லை. கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. என் காதிலிருந்து பார்வையை எடுக்காமல், சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தான்: “நின்னுடுச்சாக்கா?”

தலையாட்டினால் ஜிமிக்கி ஆடிவிடும். கண்களை மட்டும் மூடித் திறந்தேன். அதைப் பார்த்த பிறகுதான், ஒவ்வொரு விரலாக, அவன் கைப்பிடியை விட்டான்.