வரிசை கலைந்த நூற்றிருபது கம்பிகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூரில் எங்கள் இசைக்குழுவின் செயற்குழு கூடி, நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, முனிரத்தினத்துக்கு எழுதவிருந்த கடிதத்தை ‘அன்புள்ள’ என்று தொடங்காமல் ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்குவது என ஒருமனதாகத் தீர்மானித்தது. பழுது பார்க்க வாங்கிப்போன அக்கார்டியனை அவர் பதினொரு மாதமாகத் திருப்பித் தரவில்லை. ‘அன்புள்ள’ என்று போட்டால் இன்னொரு பதினொரு மாதம் எடுத்துக்கொள்வார் என்று தபேலா வெங்கடேஷ் வாதிட்டதை எல்லோரும் ஏற்றார்கள். செயலாளர் என்ற முறையில் நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கிருஷ்ணகிரியிலிருந்து முனிரத்தினத்தின் மனைவி சரோஜா.

“அவரு காலையில தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…”

கூட்டத்தில் சொன்னேன்.  அப்படியானால் அக்கார்டியன் பெட்டி இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

முனிரத்தினத்தை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பதிவேட்டில் தமிழ் என்று மூன்று மொழியிலும் குறைவாகப் பேசுகிறவர். ஒருநாள் மாலை லாரி வாசலில் நிற்க, ஒரு பெட்டிச் சரக்கு அளவில் நூலிழை தவறியிருந்தது. மேலாளர் வந்து தோளில் கை போட்டார். “ரெண்டு பாயிண்ட்தானே முனிரத்தினம்? கண்ணை மூடிட்டு ஒரு கையெழுத்து.”

“அந்த ரெண்டு பாயிண்டுக்கு நீங்க போடுங்க சார். மிச்சத்துக்கு நான் போடறேன்.”

லாரி காலியாகப் போனது. “அளவு பார்க்கிற கேஜ் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன், எனக்குன்னு தனியா அபிப்பிராயம் இல்ல,” என்பது அவருடைய வாக்கு. அவர் எழுதிய அறிக்கையில் பொய் இருந்ததாக எவரும் சொன்னதில்லை. அதனாலேயே அவருக்குப் பதவி உயர்வு தாமதமாக வந்தது. வந்த ஆறாவது மாதம் ஓய்வும் வந்தது.

எங்கள் அக்கார்டியனின் இடப்பக்கம் நூற்றிருபது பொத்தான்கள். பெங்களூரில் பழையதாக வாங்கியது. ஒன்றை அழுத்தினால் மூன்று பேசும்; கையை எடுத்த பிறகும் ஒன்று பேசிக்கொண்டே இருக்கும். எங்கள் செயற்குழுவின் நடைமுறையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் நெடுநாள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாசிக்கிறவன் நான் என்பதால் எனக்குத் தெரிந்தது. ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரியில் இருந்த முனிரத்தினம், “கொண்டாங்க, பார்க்கலாம்” என்றார். குழுவில் பாடுகிறவர் அவர்; பெட்டியை வாசிக்கத் தெரியாது. திறக்கத் தெரிந்தது.

ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு கம்பி. கம்பியில் சிறு சிறு முட்கள். முள் தள்ளினால் குறுக்குச் சட்டம் திரும்பும், காற்றுவழி திறக்கும். முட்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதில்தான் சுரம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், செய்தவர்கள் ஒவ்வொரு கம்பியையும் அதன் துளைக்கென்று கையால் வளைத்திருப்பார்கள். முனிரத்தினம் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் உருவி, துடைத்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு தெர்மாகோல் பலகையில் குத்தி வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு திருப்பிப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முந்தைய நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். சரோஜா காபி போட உள்ளே இருந்தார். முனிரத்தினம் மெல்லிய எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். எதிரே பலகை. நெட்டையும் குட்டையும் கலந்து நின்ற கம்பிகள். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொருள்களை ஒழுங்காக அடுக்கும் முறையான ‘ஃபைவ் எஸ்’ என்று எழுதிய பலகைக்குக் கீழே இருபத்தாறு வருடம் சாப்பிட்டவன் நான். ஒரே அளவுள்ளவை ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு முறை கோப்பை வாங்கியிருக்கிறேன். கால் மணி நேரத்தில் நூற்றிருபது கம்பிகளையும் பிடுங்கி, உயர வாரியாக ஆறு கட்டாகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன்.

அவர் வந்தார். எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தார். கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“நீங்களா செஞ்சீங்க?”

“சும்மா உக்காந்திருந்தேன்ல. எப்படி?”

“பிரமாதம் செக்ரட்டரி சார். இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். தொழிற்சாலையில ஒழுங்கு பண்றதுக்கு ‘முன்’, ‘பின்’னு படம் ஒட்டுவோமே, அதுல இதுதான் ‘முன்’.”

காபி வந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. “ஏன்யா, திட்டித் தொலைக்கலாமில்ல?” என்றேன். “திட்டினா வரிசை வந்துடுமா?” என்றார்.

அடுத்த பத்தரை மாதம் ஒவ்வொரு கம்பியாக ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பார்த்தார். ஒன்று சரியாக உட்கார்ந்தால் “ஆயித்து” என்று கன்னடத்தில் சொல்லிக்கொள்வார். சில வாரம் ஒரு ‘ஆயித்து’கூட இருக்காது. குழுவில் கேட்டவர்களிடம் “வேலை நடக்குது” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பொருத்தமான சந்தர்ப்பம் வரட்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆயுத பூஜை நிகழ்ச்சிக்கு அடித்த பேனரில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் மூன்றாம் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். வெங்கடேஷ் மேடையிலிருந்து இறங்கி வந்து, “என்ன சார், பெட்டியை அடைகாக்கறீங்களா? குஞ்சு எப்பப் பொரிக்கும்?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

காரியம் முடிந்து சரோஜா பெட்டியைக் கொடுத்தார். நூற்றுப் பதின்மூன்று கம்பிகள் பொருந்தியிருந்தன. ஏழு ஒரு மாத்திரை டப்பாவில் இருந்தன. கூடவே ஒரு நோட்டு. தொழிற்சாலைப் பதிவேடுபோலக் கட்டம் போட்டு, நாள்தோறும் எந்தக் கம்பி, எந்தத் துளை, முடிவு என்ன என்று எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டம். அதைப் படிக்கப் பயந்து ஓசூர் வரும்வரை திறக்கவில்லை.

‘கையாளும்போது வரிசை கலைந்தது. பொறுப்பு: முனிரத்தினம்.’

வாழ்நாள் முழுக்க கேஜ் சொன்னதை மட்டும் எழுதிய மனிதர். எழுதிய ஒரே பொய்யை எனக்காக எழுதியிருந்தார்; அதற்காகக் கண்டிக்க அவரும் இல்லை.

பதிவேட்டில் பிழை வந்தால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டுத் திருத்திக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. அவர் பெயரின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதற்குள் அவர் வைத்திருந்த அந்தப் புகைப்படமும், ஆறு கட்டுகளாக, ரப்பர் பேண்டோடு.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். இனி என் கை படாதபடி அக்கார்டியனை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி வெங்கடேஷிடம் இருக்கிறது.